கண்ணாடியில் எழுதிய பதினாறு

"முந்நூத்தம்பதா, முந்நூத்தி எண்பத்து மூணா, நானூறா?" என்று டெல்மார் முட்டையைக் கிளறிக்கொண்டே கேட்டான்.

"உப்பு போதுமா?" என்றாள் நோரீன்.

"எஞ்சின் அளவைக் கேக்கறேன், நோரீன். கன அங்குலம்."

"எத்தனை அங்குலமா இருந்தா எனக்கென்ன? மூணு வருஷமா கார் பந்தயத்துல முதல் ரவுண்டுலயே மூட்டை கட்டிட்டு வர்றே. வர்ற சனிக்கிழமையும் அப்படியே வந்தா காரை வித்துடு. கராஜ்ல என் தையல் மெஷினைப் போடறேன்."

டெல்மார் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்பவள் இல்லை. அந்த நீலக் கார் இல்லாத சனிக்கிழமையை அவனால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

இத்தனைக்கும் அவர்கள் ஊர்ப் பந்தயத்தில் வேகம் பெரிய விஷயமே இல்லை. கால் மைலை எத்தனை விநாடியில் கடப்பேன் என்று அவரவர் காரின் முன்கண்ணாடியில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிய நேரங்களின் வித்தியாசத்துக்கு மெதுவான காரை முதலில் விடுவார்கள்; எல்லையை முதலில் தொடுபவனுக்கு ஜெயம். ஆனால் எழுதியதைவிடச் சீக்கிரம் போனால் தோல்வி. இது அமெரிக்காவின் இந்தியானாவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அங்கே எந்த ஆம்பளையும் எஞ்சின் அளவைத் தவிர வேறெதுவும் பேச மாட்டான்.

"நானூறு போடு, அத்தான்" என்றான் நோரீனின் தம்பி டென்னி. போன வருஷம் கோப்பையைத் தட்டிச் சென்றவன் அவன்தான்.

"நானூறு கொதிக்கும். முந்நூத்தம்பதுல காரமே இல்ல" என்றார் மெக்கானிக் லோவெல். "உன் பழசையே முந்நூத்தி எண்பத்து மூணா ஏத்தித் தர்றேன். வெளியில பாத்தா வித்தியாசமே தெரியாது. மிதிச்சாத்தான் தெரியும்."

டெல்மார் எஞ்சினைக் கழற்றிக் கொடுத்தான். வியாழக்கிழமை போன் செய்தபோது லோவெல் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். "ரெடிப்பா. ஷெட் திறந்துதான் கிடக்கு, எடுத்துட்டுப் போ!"

டெல்மார் போனான், அங்கே கிடந்த இரண்டு எஞ்சின்களில் ஆரஞ்சு பெயின்ட் அடித்துப் பளபளவென்றிருந்ததைச் சங்கிலியில் தூக்கி, எடுத்து வந்து மாட்டினான். மிதித்தான். கார் நகர்ந்தது. நகர்ந்தது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"கார்புரேட்டர் பத்தல" என்றான் டென்னி. பெரிதாக ஒன்றை மாட்டினான். கார் கரும்புகை கக்கி இருமியது.

"பின் அச்சுல இருக்கற கியரை மாத்து." மாற்றினான். தெருவே அதிர்ந்தது, கார் மட்டும் முன்னைவிட மெதுவாகப் போனது.

"புது எஞ்சின், பழகணும்" என்று டெல்மார் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை ஒத்திகை ஓட்டம் விட்டுப் பார்த்தான். பழைய எஞ்சினில் பதின்மூன்று விநாடியில் போன கார், இப்போது பதினாறு. மறுபடி ஓட்டினான். அதே பதினாறு. வேறு வழியின்றி வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் 16 என்று எழுதினான்.

"அத்தான், அது நேரமா, இன்னைக்குத் தேதியா?" என்றான் டென்னி. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெல்மாருக்குக் காது வரை சிவந்தது.

முதல் ரவுண்டில், நீலக் கார் முன்னால் ஊர்ந்து போவதைப் பார்த்து நிற்கப் பொறுக்காமல் எதிராளி பச்சை விளக்குக்கு முன்பே பாய்ந்துவிட்டான். அவுட். அடுத்தவன் வெறி பிடித்துத் துரத்தி, தான் எழுதியதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தான். அவனும் அவுட். நீலக் கார் மட்டும் ஆபீஸ் போகும் குமாஸ்தா மாதிரி ஒவ்வொரு முறையும் பதினாறில் போய்ச் சேர்ந்தது.

கடைசி ரவுண்டில் டென்னி. சிரித்துக்கொண்டேதான் நின்றான். ஆனால் அத்தான் பாதி தூரம் போனதும் சிரிப்பு நின்றது. ஒரே மிதி. டெல்மாரை முந்தினான்; கூடவே தன் கண்ணாடியில் எழுதியிருந்ததையும் முந்திவிட்டான்.

நோரீன் வேலியைத் தாண்டி ஓடி வந்து டெல்மாரைக் கட்டிக்கொண்டாள். "சரி, காரை வெச்சுக்கோ. மெஷின் சமையலறையிலயே கிடந்துட்டுப் போகட்டும்."

டெல்மாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் ஹாட்டாக். சுற்றிலும் கூட்டம்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. முந்நூத்தி எண்பத்து மூணு! அந்த அளவுக்கே ஒரு நிதானம் இருக்கு. வேற எதுலயும் வராது!"

"நான் அப்பவே சொல்லல?" என்று லோவெல் மார்தட்டினார். இரண்டு பேர் அங்கேயே அவரிடம் ஆர்டர் கொடுத்தார்கள்.

அப்போது எலுமிச்சை ஜூஸ் வரிசையிலிருந்து பாதிரியார் ஹார்லன் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"லோவெல், நம்ம சர்ச் பஸ் எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொடுத்தோமே, அதுல அப்படி என்னதான்யா பண்ணி வெச்சே? சிக்னல்ல பச்சை விழுந்து லேசா மிதிச்சேன், பாட்டுக் குழுப் பொம்பளைங்க அத்தனை பேரும் கடைசி சீட்டுல போய் விழுந்துட்டாங்க!"