பொத்தி வைத்த படிப்பு

இன்று உங்களுக்கு ஒரு பிராணியை அறிமுகம் செய்து வைக்கிறேன். பெயர், பொத்தி வைப்பவர். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் தன் காசைத்தான் செலவழிக்க மாட்டான். இவர் அரசாங்கம் செலவழிக்கிறேன் என்று வந்து நின்றாலும் விட மாட்டார்.

எங்கள் லாட்டன் ஊரில், பட்டாள முகாமுக்கு எதிரே இருக்கும் டோனட் கடையில் தினமும் விடியற்காலையில் இதைப் பார்க்கலாம். முன்னாள் சார்ஜன்ட் ராய்ஸ் டில்மன். பீரங்கிப் படையில் இருந்து 2010-இல் வெளியே வந்தவர். இடது காதைப் பீரங்கி வாங்கிக்கொண்டது. அரசாங்கம் படைவீரர் படிப்புச் சலுகையைக் கொடுத்தது. கல்லூரிக் கட்டணம், புத்தகச் செலவு, படிக்கிற வரைக்கும் வீட்டு வாடகை, எல்லாம் முப்பத்தாறு மாதத்துக்கு. கூட இருந்தவர்கள் சீருடையைக் கழற்றிய கையோடு கல்லூரி வாசலில் போய் நின்றார்கள். டில்மன் மரக்கடையில் பலகை அறுக்கப் போனார். ஏன் என்கிறீர்களா? சலுகை வீணாகிவிடக் கூடாதாம்!

ஒரு வருஷம் வக்கீலாகப் போவதாகச் சொன்னார், மறு வருஷம் விமானம் கட்டப் போவதாகச் சொன்னார், நடுவில் கொஞ்ச நாள் மிருக வைத்தியம் என்றார், அதையும் பக்கத்து வீட்டு நாய் கடித்ததோடு விட்டார். விண்ணப்பம்? அது மட்டும் ஒன்றுக்கும் போடவில்லை. ஆனால் யோசனை சொல்வதில் குறை வைக்கவே மாட்டார். முகாமிலிருந்து விடுதலையாகி வருகிறவன் காப்பியைக் கையில் எடுப்பதற்குள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்.

"தம்பி, உள்ளூர்க் கல்லூரியில போய் அந்தச் சலுகையைக் கரைச்சுடாதே. அது தங்கம்டா! சின்னப் படிப்புக்கு உன் கைக்காசைப் போடு. பெரிய படிப்புக்கு அதை எடு."

"பெரிய படிப்புன்னா எது சார்ஜன்ட்?"

"அதைத்தான் யோசிக்கணும்."

வீட்டில் அவர் மனைவி லோரெட்டாவும் யோசனை சொல்லிப் பார்த்தவள்தான். "ஏசி ரிப்பேர் படிப்புல சேரேன் ராய்ஸ். இந்த வெயில்ல ரிப்பேருக்கு ஆள் கிடைக்காம ஊரே அலையுது."

"ஏசிக்கா? அதுக்கா நான் காதைக் கொடுத்தேன்?"

"எதுக்குக் கொடுத்தியோ தெரியாது. நான் வாயைத் திறந்தா மட்டும் அந்தக் காதைத்தானே இந்தப் பக்கம் திருப்பறே!"

அவர் சொல்லமாட்டார், நான் சொல்லிவிடுகிறேன். டில்மனுக்குப் பயம். பள்ளியில் அல்ஜீப்ராவில் இரண்டு தடவை தோற்றவர். நரைத்த தலையோடு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து மூன்றாவது தடவையும் தோற்றால்? எடுக்காமல் வைத்திருக்கிற வரைக்கும் அவர் வக்கீல், இன்ஜினியர், டாக்டர், எல்லாம். எடுத்துவிட்டால் வெறும் முதல் வருஷ மாணவர். குண்டுக்கு அஞ்சாத மனிதருக்கு இந்தக் கணக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் சட்டத்தை மாற்றி, சலுகைக்கு இருந்த பதினைந்து வருஷக் காலக்கெடுவை எடுத்தார்கள். அன்று டில்மனைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களாடா? இனிமே கெடுவே கிடையாது. நான் அப்பவே சொல்லலை?" என்று கடையில் இருந்த எல்லாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தார். செய்தியின் தலைப்பு அவ்வளவு இனிப்பாக இருக்கும்போது கீழே இருப்பதை யார் படிப்பார்கள்?

அன்று டோனட் தின்றவர்களில் மாரிசெல் பாடில்யாவும் ஒருத்தி. பட்டாளத்தில் லாரி ஓட்டியவள். அவளுக்கும் தங்க உபதேசம் நடந்தது. "சரி சார்ஜன்ட்" என்று தலையாட்டிவிட்டு நேரே உள்ளூர்க் கல்லூரிக்கு வண்டியை விட்டாள். பல் சுத்தம் செய்கிற படிப்பு. "தங்கத்தைப் பல்லுல கொண்டுபோய் வெச்சுட்டாளே!" என்று டில்மன் ஒரு மாதம் புலம்பினார்.

சென்ற மாதம் பல் மருத்துவமனையில் அவர் போய்ச் சாய்ந்த நாற்காலி பாடில்யாவுடையது. அவள் உட்கார்ந்தது அவருடைய நல்ல காது பக்கம்.

"நல்லா திறங்க சார்ஜன்ட். காப்பிக் கறை அப்பிக் கிடக்கு. ஆமா, உங்க சலுகையைக் கடைசியில எதுக்குத்தான் எடுத்தீங்க?"

"ஆ... ஆ."

"இன்னும் எடுக்கலையா?" அவள் கை நின்றது. "நீங்க எந்த வருஷம் வெளியே வந்தீங்க?"

டில்மன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"ரெண்டாயிரத்துப் பத்தா? ஐயோ சார்ஜன்ட்! கெடு இல்லைன்னது பதிமூணுலேர்ந்து வெளியே வந்தவங்களுக்குத்தானே. உங்களுக்கு அந்தப் பழைய பதினஞ்சு வருஷம்தான். அது முடிஞ்சே போச்சே!"

அவர் வாய் நிறைய இரும்புக் கருவி. வழக்கம்போல் செவிட்டுக் காதைத் திருப்பினார். என்ன பிரயோஜனம்? நல்ல காது கேட்டு முடித்துவிட்டது. எழுந்தார். "கீழ்வரிசை பாக்கி இருக்கு சார்ஜன்ட்!" என்று அவள் கூப்பிடக் கூப்பிட, கழுத்தில் கட்டிய காகிதத்தோடு வெளியே போனார். வண்டிக்குள் உட்கார்ந்து அழுதார். தோற்றிருந்தால்கூடப் பாதிப் படிப்பாவது மிஞ்சியிருக்கும். அந்த அழுகையைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை.

மறுநாள் காலை எனக்கிருந்த அந்தக் கஷ்டத்தையும் அவரே தீர்த்து வைத்தார். ஒட்ட வெட்டிய தலையோடு புதிதாக ஒருவன் வந்து, "திங்கக்கிழமை உள்ளூர்க் கல்லூரியில சேரலாம்னு இருக்கேன் சார்ஜன்ட்" என்றான். டில்மன் அவனைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மேல்வரிசை பளீரென்ற வெள்ளை, கீழ்வரிசை காப்பிக் கலர்.

"என்னடா அவசரம்? நல்லா யோசி."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அலமாரி மேல்தட்டில், கலர்க் காகிதம்கூடப் பிரிக்காமல், விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறீர்களே ஒரு டீ செட், அது யாருடையது? பெட்டிக்குள்ளேயே மடிப்பில் நைந்துபோகிற அந்தப் பட்டுப்புடவை? ஓய்வு கிடைத்ததும் கற்றுக்கொள்ளப் போகிற வீணை? சரி சரி, கோபம் வேண்டாம். இன்றைக்கே எடுத்துவிடப் போகிறீர்கள், அப்படித்தானே?

என்ன, ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகவா? வாருங்கள். டில்மன் நகர்ந்து உட்கார்ந்து உங்களுக்கு இடம் விடுகிறார்.