யாங் அரிஃப் சேகரன்

“அப்பா, நீங்க நீதிபதி. நடுவுல சிரிக்கக் கூடாது” என்றாள் அகல்யா.

சேகரன் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். சட்டம் படிக்கும் மகளுக்கு நாளை சட்டத் தத்துவத்தில் வாய்மொழித் தேர்வு. ஒரு பொருள் ஒருவர் கையில் இருப்பதும் அவருக்குச் சொந்தமாக இருப்பதும் ஒன்றுதானா என்பது தலைப்பு. யாராவது எதிரே உட்கார்ந்து கேட்டால் பேசிப் பழகலாம் என்று அவள் அப்பாவை மட்டும்தான் கூப்பிட்டாள். அவர் சும்மா இருப்பாரா? தங்கா பத்துவில் தம் வரிசை வீடுகள் அத்தனைக்கும் அழைப்பு வைத்துவிட்டார். வந்தவர்கள் இரண்டே பேர். வலப்பக்கத்து வீட்டு முனியம்மா, இடப்பக்கத்து வீட்டு மணியம்.

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டாயிற்று. சுத்தியல் இல்லாததால் கார்ச் சாவி. மனைவி நளினியின் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக் கட்டி முடித்த கார் அது. லைசென்ஸும் அவளிடம் இருக்கிறது. தவறாமல் புதுப்பித்து அலமாரியில் வைத்துவிடுவாள். ஓட்டுவது, துடைப்பது, பெருமைப்படுவது எல்லாம் சேகரன்.

“என்னங்க, பாசார் வரைக்கும் போய்ட்டு வந்துடலாமா? வீட்ல கறிவேப்பிலைகூட இல்ல” என்றாள் நளினி, உள்ளிருந்து.

“கோர்ட்டு நடக்குது. நீ டீ போடு” என்று சாவியால் மேசையைத் தட்டினார்.

அகல்யா எழுந்தாள். “யாங் அரிஃப்...”

இந்த நாட்டில் நீதிபதியை அப்படித்தான் அழைப்பார்கள். சேகரனுக்கு நெஞ்சு விம்மியது. அலோர் காஜா அலுவலகத்தில் இத்தனை ஆண்டு குப்பை கொட்டியும் அவரை யாரும் ‘சார்’ என்றுகூட அழைத்ததில்லை.

“ஒரு அம்மா, தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்கு எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு குடுத்தாங்க. முறுக்கு தீர்ந்துடுச்சு. டப்பா திரும்பி வரல. பல தீபாவளி போயிடுச்சு. இப்ப அந்த டப்பா யாருக்குச் சொந்தம்?”

முனியம்மா நாற்காலியில் நெளிந்தாள். “வெறும் டப்பாவ எப்படிம்மா திருப்பிக் குடுக்கறது? ஏதாச்சும் போட்டுத்தானே குடுக்கணும். அதானே நம்ம வழக்கம். நான் என்னிக்கு அதிரசம் சுடுறேனோ அன்னிக்குக் குடுப்பேன்.”

“நல்ல வாதம் அத்தை. வழக்கமும் சட்டம்தான்னு சொல்ற அறிஞர்கள் இருக்காங்க. ஆனா அதிரசம் சுடுற நாளை நீங்களே தள்ளிக்கிட்டே போனா, அது வழக்கமா, சாக்கா?”

சேகரன் பூரித்துப்போனார். “கையில இருக்கறதால சொந்தமாயிடாது. குடுத்துடணும்.” டக்.

முனியம்மா எழுந்துவிட்டாள். “என்னையச் சொல்லிக் காட்டத்தான் கூப்பிட்டீங்களா தம்பி?”

“ஐயோ, இல்லக்கா. இதெல்லாம் லண்டன் புத்தகத்துல உள்ள கேஸு.”

“லண்டன்ல முறுக்கு சுடுறாங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் விருட்டென்று வீட்டுக்குப் போனாள்.

சேகரன் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். “பாத்திரம் பண்டமே வேணாம் அகல்யா. ஆம்பளைங்க சாமானா ஒன்னு சொல்லு.”

“சரி, யாங் அரிஃப். ஏணி.”

மணியத்துக்குப் புரையேறியது. டீ இன்னும் வந்தே சேரவில்லை.

“கூரை ஒழுகுதுன்னு ஒருத்தர் ஏணி இரவல் வாங்கினார். கூரை சரியாயிடுச்சு. ஏணி அங்கயே இருக்கு. சொந்தக்காரங்களும் கேக்கல.”

“கேக்கலன்னா வேணாம்னுதானே அர்த்தம்? பெயிண்டுகூட நான்தான் அடிச்சேன்லா. பார்த்துக்கிட்டவனுக்கு ஒரு உரிமை இல்லையா?” என்ற மணியம், ‘நான்தான்’ என்று வாயை விட்டதைத் தாமதமாகத்தான் உணர்ந்தார்.

“கேக்காதது மரியாதைக்காக மாமா. சும்மா இருந்ததைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டா, நல்லவங்க வீட்ல ஒரு சாமானும் மிஞ்சாது.”

சேகரனுக்குக் கண் கலங்கியது. இவள் நான் பெற்ற பிள்ளை என்று கிளேபாங் வரைக்கும் கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தாமல் தீர்ப்பு சொன்னார். “ஏணியையும் குடுத்துடணும்.” டக்.

“உங்க வீட்டு ஏணிக்கா சேகர் இவ்வளவு நாடகம்?”

தம் வீட்டில் ஏணி இருந்ததே சேகரனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் முனியம்மாவும் டப்பாவோடு திரும்பியிருந்தாள். வெறும் டப்பா ஆகாது என்று அரை டப்பா சீனி போட்டிருந்தாள்.

“அடுத்தவங்களுக்குத் தீர்ப்பு சொல்றது லேசு தம்பி” என்றாள்.

“அதானே” என்றார் மணியம்.

சேகரனுக்கு வியர்த்தது. நாளைக்கே இது கோயில்வரை போய்விடும். தம் மானம் போனால் போகட்டும், மகளின் படிப்பைப் பக்கத்து வீட்டைக் கவிழ்க்கும் வித்தை என்று ஊர் பேசினால் என்ன செய்வது? எழுந்து நின்றார்.

“நல்லாக் கேட்டுக்குங்க. இந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் பொது. என் வீட்டுக்கும் சேர்த்துத்தான். எத்தனை வருஷம் கையில இருந்தாலும் சரி, கேட்டாலும் கேக்காட்டியும் சரி, பெயிண்ட் அடிச்சாலும் துடைச்சு வச்சாலும் சரி, அடுத்தவங்க பொருள் அடுத்தவங்களுதுதான். இன்னிக்கே ஒப்படைக்கணும்.” டக், டக், டக்.

முனியம்மாவின் முகம் இளகியது. “இப்பதான் தம்பி நீதிபதி மாதிரி இருக்கீங்க” என்று உட்கார்ந்தாள். மணியம் கைதட்டினார்.

சேகரன் நிமிர்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “வேற கேஸ் இருக்கா?”

“ஒன்னு இருக்கு, யாங் அரிஃப். அதுக்கு நான் பேசல. கட்சிக்காரங்களே வந்திருக்காங்க.”

நளினி டீத் தட்டை மேசைமேல் வைத்தாள். தோளில் பாசார் பை, கையில் லைசென்ஸ்.

“அந்த ரெண்டு கேஸையும் பொண்ணுக்கு நான்தாங்க எடுத்துக் குடுத்தேன். மூணாவது, நீங்க தட்டிக்கிட்டிருக்கிற என் கார் சாவி.”