தட்டையான ஓட்டையில் போகும் பேய்

வெள்ளிக்கிழமை என்றால் சேவூர் ரோட்டில் பஸ்ஸே ஊர்ந்துதான் போகும். தேரோட்டமா என்று கேட்காதீர்கள், பேயோட்டம். அதுவும் லேப்டாப்புக்கு. 'மகுடேஸ்வர சாமிகள் எந்திர தோஷ நிவர்த்தி பீடம்' என்று போர்டு. அதன் கீழே நூறு பேர், தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவந்தது போல ஆளுக்கொரு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காங்கேயத்து எண்ணெய் மில்காரர் கன்னையன், தன் லேப்டாப்புக்குத் திருஷ்டிப் பொட்டே வைத்திருந்தார். படிப்பு பரவினால் மூடநம்பிக்கை ஒழியும் என்றார்கள். இங்கே அதற்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நாற்பத்தொன்றாம் டோக்கனோடு சித்ராதேவி நின்றாள். பக்கத்தில் அவள் முதலாளி தங்கதுரை, கையில் எலுமிச்சம்பழத்தோடு.

தங்கதுரையின் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவள் அவள். டி-ஷர்ட்டின் கை, கழுத்து, உடம்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அளவாக வரைந்து கட்டிங்குக்குக் கொடுக்கும் வேலை. சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து ஒன்பது வருசம். வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான்.

வினை இப்படி வந்தது. கம்பெனியின் பழைய லேப்டாப் கண்ணை மூடிவிட்டது. தங்கதுரை செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினார். பேட்டர்ன் மென்பொருளோ பதினைந்து வருசத்துப் பழசு. புது விண்டோஸில் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. புது மென்பொருள் வாங்க மனசு வருமா? லேப்டாப்பையே பின்னால் நடக்க வைத்தார். இருந்த விண்டோஸை அழித்து, பழைய விண்டோஸ் 7-ஐப் போடச் சொன்னார். மென்பொருள் திறந்தது, மற்றதெல்லாம் படுத்துவிட்டது. சத்தம் வரவில்லை. வைஃபை இல்லை. திரை அகலவாக்கில் இழுபட்டு, ஐந்து வயசுக் குழந்தையின் டி-ஷர்ட் கல்யாணச் சமையல்காரருக்கு வெட்டியது போலத் தெரிந்தது.

"அம்மிணி, இதுல என்னமோ உக்காந்திருக்குது" என்றார் தங்கதுரை. அப்படித்தான் சேவூர் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கழுத்தில் விரல் நீளத் தாயத்து தொங்க, சாமியார் லேப்டாப்பை வாங்கினார். தன் தலையையும் அதையும் சேர்த்துச் சிவப்புத் துணியால் மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து உறுமல், மணிச்சத்தம், கொஞ்சம் இருமல். கால் மணி நேரம் கழித்து வியர்வையோடு வெளியே வந்தார். விபூதி பூசியதும் லேப்டாப் 'டிங்' என்றது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"மூணு உக்காந்திருக்குதுங்க" என்றார் சாமியார். "சத்தத்த முழுங்குனது போயிருச்சு. இன்னும் ரெண்டு. வெள்ளிக்கு ஒண்ணுதான் எறங்கும். வெள்ளிக்கு ரெண்டாயிரம்."

பிறகு சித்ராதேவியை ஏற இறங்கப் பார்த்தார். "இதத் தொடுற கை சரியில்லீங்க. மூணும் எறங்கலீன்னா கைய மாத்திருங்க."

திரும்பும் வழியெல்லாம் தங்கதுரை ரோட்டையே பார்த்தார். "நீங்க கோவிச்சுக்கக் கூடாது அம்மிணி. சாமி வாக்கு, மூணும் எறங்கலீன்னா வேற ஆளத்தான் பாக்கோணும்" என்றார் கடைசியில். சித்ராதேவிக்கோ, ஒன்பது வருசம் உழைத்த கை ஒரு துணி மூட்டைக்குள்ளிருந்து வந்த வாக்கில் கெட்ட கையாகிவிட்டதே என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அழவில்லை, லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். அதில் என்னென்ன பதிந்திருக்கிறது என்று காட்டும் பட்டியலில் புதிதாக ஒன்று இருந்தது. சத்தத்துக்கான டிரைவர். பதிந்த தேதி, அன்றைய வெள்ளிக்கிழமை.

டிரைவர் என்றால் ஒன்றுமில்லை. ஸ்பீக்கரை, திரையை, வைஃபையை எப்படி இயக்குவது என்று லேப்டாப்புக்குச் சொல்லித்தரும் சின்ன மென்பொருள். பழைய விண்டோஸுக்கு இந்த லேப்டாப்பின் உறுப்புகளைத் தெரியாது, தனியாகச் சொல்லித்தர வேண்டும். சரி, பேயை ஓட்டினால் உள்ளே ஒன்று குறையத்தானே வேண்டும்? இங்கே ஒன்று கூடியிருக்கிறதே.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பின் அடியில் இருந்த மாடல் நம்பரைப் பார்த்து, திரைக்கான டிரைவரைத் தன் போனில் இறக்கி, ஒயர் போட்டு ஏற்றினாள். குழந்தை டி-ஷர்ட் குழந்தைக்கே ஆனது. ஓடிப்போய் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

தங்கதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா அம்மிணி, விபூதி இப்பத்தான் உள்ள எறங்குது."

இதற்கு மேல் வாயால் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வைஃபையை வேண்டுமென்றே அப்படியே விட்டுவைத்தாள்.

அடுத்த வெள்ளி புறப்படுமுன், துணியில் ஓட்டை விழுந்த இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களைச் செக்கிங் டேபிளிலிருந்து எடுத்தாள். லேப்டாப்பின் எல்லா ஓட்டைகளையும் அடைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் கையெழுத்துப் போட்டாள். கிழித்தால் தெரியும்.

சாமியார் துணிக்குள் போனார். உறுமல் பலமாகத் தொடங்கி, நடுவில் நின்றது. தலை மட்டும் வெளியே வந்தது.

"ஓட்டையெல்லாம் ஆரு அடச்சது?"

"நாந்தான் சாமி. தூசி போவும்லா."

"அடச்சு வெச்சா அது எப்படி வெளிய போகும்?"

"அதுவும் சரிதான்" என்று ஹெட்போன் ஓட்டையின் ஸ்டிக்கரை உரித்தாள். "இந்த வழியா போவட்டும்."

"அது பத்தாது."

சார்ஜர் ஓட்டையையும் திறந்தாள். "இது?"

"அதுவும் ஆவாது."

"அப்ப எந்த ஓட்டைன்னு நீங்களே சொல்லுங்க."

சாமியார் விரல், பென்டிரைவ் சொருகும் ஓட்டையைக் காட்டியது.

"பேய் தட்டையா இருக்குமோ?" என்று கேட்டாள் சித்ராதேவி. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு ஒட்டுவாரொட்டி, பின்வரிசை வரை போனது.

"போன வெள்ளி துணிக்குள்ள போறப்ப தாயத்து சாமி கழுத்துல கெடந்துச்சு. வெளிய வர்றப்ப கையில இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றாள் சித்ராதேவி.

கன்னையன் எழுந்தார். "ஏனுங்க சாமி, அதக் கொஞ்சம் குடுங்க பாக்கலாம்" என்று மரியாதை குறையாமலே கழுத்திலிருந்து கழற்றினார். வெள்ளி மூடியை இழுத்தார். உள்ளே பென்டிரைவ்.

சித்ராதேவி கடைசி ஸ்டிக்கரையும் உரித்து அதைச் சொருகினாள். நூற்றுக்கணக்கான லேப்டாப்புகளின் டிரைவர்கள் பேர்வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தன் மாடலைத் தேடி வைஃபையைத் தட்டினாள். மந்திரமில்லை, மணியில்லை. இரண்டு நிமிடத்தில் வைஃபை வந்தது.

கூட்டம் சாமியாரைச் சூழ்ந்துகொண்டது. மனுசன் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம்கூட வெட்கப்படாமல் பேசினார்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சர்வீஸ் கட வெச்சிருந்தப்ப இதே வேலைக்கு எரநூறு கேட்டேன். நூறுதான்னு சொல்லி, அதையும் நாளைக்கு வாங்கிக்கன்னீங்க. விபூதி பூசுனதும் ரெண்டாயிரம் குடுத்துக் கால்ல உழுந்தீங்க. நானா வேசம் போட்டேன்? நீங்க போட உட்டீங்க."

வாங்கிய பணத்தை எண்ணிக் கீழே வைக்கச் சொன்னார் கன்னையன்.

தங்கதுரை மெல்ல அவள் பக்கம் வந்தார். "நாளைக்கு வந்துருவீங்கல்ல அம்மிணி?"

"வருதேன் அண்ணே. ஆனா இந்தக் கை சரியில்லன்னு சொன்னப்ப, ஒம்பது வருசமா அது போட்ட பேட்டர்ன நெனச்சுப் பாத்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும், தப்பில்லை.

அதற்குள் அவள் முன்னால் புதிதாக ஒரு வரிசை நின்றது. முதல் ஆள் லேப்டாப்பை நீட்டி, "அம்மா, விபூதி நீங்க குடுப்பீங்களா, நாங்க கொண்டாரணுமா?" என்று கேட்டார்.

பேய் லேப்டாப்பில் இல்லை மக்களே. ஒரு சாமியாரை ஓட்டிவிட்டு அடுத்த சாமியாரைத் தேடுகிறதே நம் தலை, அதற்குத்தான் இன்னும் டிரைவர் போடவில்லை. அதைக் கடையில் கொடுத்துப் போட முடியாது. அவரவர் யோசித்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.