தங்கையின் அபூர்வத் தமனி

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நான் சுகம். உன் சுகத்தை விசாரிக்க ஊரே வரிசையில் நிற்பதால் என் விசாரிப்புக்கு அவசியமில்லை. ஆயினும் முறைக்காக விசாரிக்கிறேன். தொலைபேசியில் சொல்ல வேண்டிய விஷயம்தான். உன் காலைப் பற்றி யாராவது எந்நேரமும் உன்னோடு பேசிக்கொண்டிருப்பதால் லைன் கிடைப்பதில்லை. ஆகவே ஆள் மூலம் இந்தக் கடிதம்.

இருவருக்கும் தேய்ந்தது வலது முழங்கால். பார்த்தது ஒரே மருத்துவர். விழுங்கியது ஒரே மாத்திரை. மூட்டு மாற்று அறுவைக்கு முன்னால் ரத்தக்குழாய்களையும் ஒருமுறை ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்று அவர் சொன்னபோது ஒரே காரில்தான் போனோம். முடிவு மட்டும் இப்படி ஓரவஞ்சனையாக வருவானேன்? என் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிய மருத்துவர், "உங்களுது நார்மல்மா, புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு" என்று அடுத்த மூச்சில் கழற்றிவிட்டார். உன் படத்தை மாட்டியதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்த பயிற்சி மருத்துவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "இது அபூர்வம்மா" என்றார். மேடையில் பரிசு வாங்குபவளைப் போல நீ தலைகுனிந்து சிரித்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படி என்ன அபூர்வம்? தொடையிலிருந்து இறங்கும் பெரிய தமனி முழங்காலின் பின்குழி வழியாகப் போகிறது. மூட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய உறையும் கொஞ்சம் கொழுப்பும்தான். மற்றவர்களுக்கு அது அங்குள்ள சிறு தசையின் பின்புறமாக இறங்கி, தசையைக் கடந்த பிறகே இரண்டாகப் பிரியும். உனக்கு மேலேயே பிரிந்து, ஒரு கிளை தசைக்கு முன்னால் புகுந்து எலும்பின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போகிறது. எலும்பை அறுக்கும் ரம்பம் ஒரு நூல் தாண்டினால் கிளை அறுபடலாம். அறுபட்டு, உடனே தைக்காவிட்டால் காலுக்கே ஆபத்து. அவ்வளவுதான். பணிக்காலம் முழுவதும் கல்லூரியில் விலங்கியல் நடத்தி, தவளையைக் கீறித் தமனி எது, சிரை எது என்று காட்டியவள் நான். அபூர்வத் தமனி ஒன்று நம் குடும்பத்துக்கு வருவதானால் அதன் அருமை தெரிந்தவளுக்கு வர வேண்டுமா, அதை நரம்பு என்று சொல்லித் திரிபவளுக்கு வர வேண்டுமா? நேற்று உன் வீட்டுக் கூடத்தில் உன் சம்பந்தியம்மாவிடம், "எனக்கு நரம்பு இடம் மாறி இருக்காம், லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இப்படியாம்" என்றாய். லட்சத்தில் ஒருவரெல்லாம் இல்லை. நூறு பேரைப் பிடித்தால் ஓரிருவர் அகப்படுவார்கள். "நரம்பு இல்லடி, தமனி" என்று நான் திருத்தியதற்கு அந்த அம்மாள், "பாவம், அவளே அழுதுட்டு இருக்கா, இப்பப் போய்ப் பாடம் எடுக்கிறீங்களே" என்கிறார். எனக்கும்தான் கால் வலி என்றேன். "உங்களுதுதான் நார்மலாமே" என்றார், ஏதோ நான் வரி கட்டாமல் ஏமாற்றியதைப் போல. கேட்டா எரியுமா எரியாதா, நீயே சொல்லு.

இதற்கு மேல் ஒன்று. உனக்காக ரத்தக்குழாய் அறுவை நிபுணர் ஒருவரை வியாழக்கிழமை வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்தப்போகிறார்களாம். அதனால் எனக்குக் குறித்திருந்த வியாழக்கிழமை உனக்குப் போய்விட்டது. உன் காலுக்குப் பெரிய மருத்துவர். என் நார்மல் காலுக்கு, என்றைக்கோ ஒருநாள், அவருடைய உதவியாளர். இது அதிகப்படி. முழங்காலை மடக்கி, எலும்புக்குப் பின்னால் தடுப்புத் தகடு ஒன்றைக் கொடுத்து அறுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. அதற்குப் போய் தினமும் அழுவது படித்த பெண்ணுக்கு அழகில்லை. ஆகவே நிபுணர் வேண்டாம் என்று நாளைக்கே சொல்லிவிட்டு வியாழக்கிழமையை எனக்குத் திருப்பிக் கொடு. அக்கா என்ற முறையில் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. சம்பந்தியம்மாவுக்கு வணக்கம் மட்டும். உனக்கும் உன் தமனிக்கும் என் பரிபூரண ஆசிகள்.

இப்படிக்கு,
நார்மலான அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மருத்துவர் போன் செய்தார். படிக்கட்டில் விழுந்தபோது உன் கணுக்காலில் வைத்தார்களே ஒரு திருகாணி, அது என் படத்தில் தெரிகிறதாம். ஸ்கேன் அறைப் பெண் "பெரியவங்க முதல்ல வாங்க" என்று கூப்பிட்டபோது, தனக்கான மரியாதை என்று எண்ணி எழுந்து போனவள் நீ. அடுத்து "சின்னவங்க வாங்க" என்றாள். கூப்பிட்ட பிறகு போகாமல் இருப்பது நாகரிகமில்லை என்று நான் போனேன். அப்பா நமக்கு ஏறக்குறைய ஒரே பெயரை வைத்த புண்ணியத்தில், அவள் மூத்தவர், இளையவர் என்று எழுதியே படங்களைப் பிரித்திருக்கிறாள். ஆக, நார்மல் நீ. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட நினைத்தேன். ஒழுங்காக அமைந்த வாக்கியங்களை வீணாக்க மனம் வரவில்லை. நிபுணரை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நாளைக் காலையே இங்கு வந்துவிடு. பயமெல்லாம் ஒன்றுமில்லை. இந்த அழுகையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு, எனக்குப் பழக்கமில்லை.