ஒற்றை ஆடு கால்நடை ஆகாது

ஒற்றை ஆடு கால்நடை ஆகாது என்று நான் முழுமனதாக நம்பினேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. கால்நடை என்றால் மந்தை. மேய்க்க ஓர் ஆள், கையில் கோல், பின்னால் புழுதி. ஒன்றே ஒன்றைக் கட்டிவைத்து அதற்கு ஒரு பெயரும் சூட்டிவிட்டால் அது வீட்டுப் பிள்ளை. இந்தச் சட்ட அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு இது தானாக வரும்.

ஆடு என் மனைவி வசந்தியின் தம்பி குமாருடையது. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறான். ஒரு மழைநாளில் லோரி கவிழ்ந்தது. உடைந்த கண்ணாடி வழியாக ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தவன், ரோட்டோரத்தில் நின்றபடியே முனியாண்டிக்கு ஒரு கிடா என்று வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டவன் குடியிருப்பது செராஸில், பதினோராவது மாடியில். ஆகவே செமினி பண்ணையில் வாங்கிய கிடா, படையலுக்கு ஒரு வாரம் முன்பே, கிள்ளானில் என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. (என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு என் பேரில்தான் இருக்கிறது, சும்மா சொல்லி வைக்கிறேன்.)

வசந்தி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "என் தம்பி உசுருக்கு நேந்துவிட்ட ஆடு. இதுக்கு ஏதாச்சும் ஆச்சு, ஞாயித்துக்கெழம அதே கயித்துல உங்களக் கட்டிக் கூட்டிட்டுப் போவேன்."

இரண்டாம் நாள்தான் விளையாட்டுத் திடலில் நகராண்மைக் கழகத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். குடியிருப்புப் பகுதியில் கால்நடை வளர்க்கக் கூடாது, மீறினால் பறிமுதல். பலகை அங்கே பல வருடங்களாக நிற்கிறது, சாயம்கூடப் போய்விட்டது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பலகை மேல் கோபம், குமார் மேல் கோபம், லோரி மேல் கோபம். எல்லாவற்றையும் கூட்டி மூட்டையாகக் கட்டிப் பக்கத்து வீட்டு அருள்தாஸ் அங்கிள் தலையில் வைத்தேன்.

அவர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்து நான் பார்த்ததில்லை. ஆடு வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் மதில்மேல் தலையை நீட்டி எங்கள் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், எத்தனை கிலோ இருக்கும் என்றும் விசாரித்தார். கிலோ எதற்கு இவருக்கு? சாட்சியம் திரட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து அவர் வணக்கத்துக்குப் பதில் சொல்வதை நிறுத்தினேன். கார் கழுவும்போது தண்ணீரை வேண்டுமென்றே அவர் பக்கம் பீய்ச்சினேன். (இவ்வளவுதான் என் வீரம்.)

தற்காப்புக்கும் ஏற்பாடு செய்தேன். நான் வேலை செய்யும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில், மணி வைத்த சிவப்பு நாய்ப்பட்டை வாங்கி வந்து கிடாவின் கழுத்தில் மாட்டினேன். பெயர் டைகர்.

வெள்ளிக்கிழமை காலை, சீருடையில் ஓர் இளைஞர் கேட் முன்னால் வந்து நின்றார். கையில் கோப்பு, டார்ச் லைட்.

"அண்ணே, பின்னால கொஞ்சம் பாக்கணும்."

போதாதா? ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். டைகரை இழுத்து வந்து ஹாலில் சோபா மேல் ஏற்றி, டிவியையும் போட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறந்தேன். அவர் கேட்பதற்கு முன்பே முழங்கினேன். இது செல்லப்பிராணி, ஒண்ணே ஒண்ணுதான், பேரு டைகர், எங்களோடுதான் டிவி பார்க்கும். டைகர் அப்போது வசந்தியின் கோயில் காலண்டரைத் தின்றுகொண்டிருந்தது. சித்திரையைத் தின்று முடித்து வைகாசியில் பாதிக்கு வந்திருந்தது.

அப்போதுதான் ஜன்னல் வழியே, மதிலுக்கு மேல் அந்தத் தலை தெரிந்தது. ஒரு வாரத்துக் கோபம் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடியது, நானும் கூடவே ஓடினேன்.

"போட்டுக் குடுத்துட்டீங்கல்ல அங்கிள்? மனுஷனா நீங்க? ஒரு உசுருக்கு நேந்த ஆடு!"

அவர் கையில் ஒரு கட்டுப் பலா இலை இருந்தது.

"தெனம் கொண்டாந்து போடறேன்ப்பா," என்றார். "நீ ரொட்டியப் போட்டுப் போட்டு அது எளச்சுக்கிட்டே போவுது. அதான் எத்தன கிலோன்னு கேட்டேன்."

பின்னாலேயே வந்த அதிகாரி என் தோளைத் தொட்டார். "அண்ணே, யாரும் புகார் குடுக்கல. நான் கொசு டிபார்ட்மென்ட். வாளியில புழு இருக்கான்னு பாக்க வந்தேன். ஆட்ட நீங்க ஏண்ணே காட்டுனீங்க?"

பார்த்துவிட்டதைப் பார்க்கவில்லை என்று அவரால் எழுத முடியாதாம். ஒன்றானாலும் நூறானாலும், பெயர் வைத்தாலும் பட்டை போட்டாலும், ஆடு கால்நடைதானாம். சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் அதற்கான பிரிவுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருக்கும். குமாருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, வேலையில் இருந்தான். வசந்தி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கயிறு.

அருள்தாஸ் அங்கிள் தன் பழைய வேனைப் பின்னால் எடுத்து எங்கள் கேட்டருகே நிறுத்தினார். கோயில் பூசாரியிடம் கொண்டுபோய் விடும்வரை டைகர் வேனில் அந்தப் பலா இலையைத் தின்றுகொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசாரி தண்ணீர் தெளித்ததும் கிடா உடனே சிலிர்த்தது. முனியாண்டி ஏற்றுக்கொண்டார். குமார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அங்கிள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், அப்போதும் சிரிக்காமல்.

இப்போதெல்லாம் ரோட்டில் போலீஸ் தடுப்பைக் கண்டாலே குமார் பின்சீட்டிலிருந்து ஆரம்பித்துவிடுவான். "மச்சான், அவங்க கேக்குற வரைக்கும் எதையும் எடுத்துக் காட்டாதீங்க லா." வசந்தி அரை மைல் சிரிப்பாள்.

புழு இருந்தது, ஆட்டுக்குத் தண்ணீர் வைத்த வாளியில்தான். அதற்கு அபராதச் சம்மன் வந்தது. அந்த ஒரு வாரத்தில் ஆடு ஒருமுறைகூடக் கத்தவில்லை. கத்தியது நான்தான்.