எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை

மலேசியாவில் எங்கள் ஊரான உலு திராமில் ‘ஒரு மீட்டர்’ கண்டுபிடிக்காத வியாதியே கிடையாது. எங்கள் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் ‘தே தாரேக்’ என்கிற இழுத்த டீ போடும் மாஸ்டர் அவர். தேநீரை ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுப்பதால் அந்தப் பெயர்.

டீ கேட்கும் விதத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். “சீனி கம்மியா? இனிப்பு நீர்தான். போய் ரத்தம் பாருங்கண்ணே!” கடை முழுக்கக் கேட்கும். கொடுமை என்னவென்றால், பாதி சரியாக இருக்கும்.

அவருக்கே போன வருடம் ஒரு வீக்கம் வந்தது. வலது காறை எலும்பு நெஞ்செலும்போடு சேருகிற மூட்டில், சுண்டைக்காய் அளவில். பிறகு எலுமிச்சை அளவு. கை நீட்ட முடியவில்லை. தேநீர் ஒரு முழத்தோடு நின்றது. “அரை மீட்டர், தே சத்து லா!” என்று ஒரு டீ கேட்டு லாரிக்காரர்கள் கத்தினார்கள்.

தினமும் அங்கே டீ குடிக்கிற நான்தான் கிளினிக் கிளினிக்காகக் கூட்டிப்போனேன். என்ன வேலை என்பார்கள். தே தாரேக் என்றதும் பேனா ஓடும். “இழுத்து இழுத்து வந்த வலி. ரெஸ்ட் எடுங்க.” எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எட்டு மாதம் இதே பாட்டு. கடைசியில் ஒருவர், புற்றாக இருக்கலாம் என்றார். அன்று சீனி கம்மியாகக் கேட்டவருக்கும் மாஸ்டர் டீயை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் இரண்டு காகிதக் கப்பைக் கொடுத்தார். “எப்படி இழுப்பீங்க அங்கிள், காட்டுங்க.”

மாஸ்டர் எழுந்து வெறும் காற்றை இழுத்தார். இடது கை மேலே போனது.

“நீங்க இடது கைக்காரரா?”

“பொறந்ததிலேர்ந்து, டாக்டரம்மா.”

“உழைக்கிற பக்கம் நல்லா இருக்கு, கப்பைப் பிடிக்கிற பக்கம் வீங்குதா? ஏன் முன்னாடியே சொல்லல?”

“யாரும் கேக்கலையே!”

எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல்தான். பத்து வருடம் எதிரே உட்கார்ந்து எதைப் பார்த்தேன்?

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். காச நோய்!

“எனக்கு இருமலே இல்லையே?”

“நுரையீரல் சுத்தம், யாருக்கும் ஒட்டாது. கிருமி மூட்டுல உக்காந்திருக்கு. இந்த மூட்டுல வர்றது ரொம்ப அபூர்வம். மாசக்கணக்குல மருந்து சாப்பிட்டா சரியாயிடும்.”

“அப்போ புற்று இல்ல?”

“இல்ல.”

“அலமாக்!” மாஸ்டர் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்களுக்கு ரத்தம் கம்மி மாதிரி இருக்கும்மா, பாத்துக்குங்க” என்றார்.

தினமும் அவர் மாத்திரை விழுங்குவதைப் பார்க்க ஒரு சொந்தக்காரர் வேண்டுமாம். சொந்தம் என்று யாரும் இல்லாத மாஸ்டர் தரையைப் பார்த்தார். நான் அவருடைய அண்ணன் என்றேன்.

இப்போது தினமும் காலையில் கடைக்குப் போய், அவரை வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறேன். மருந்து முடிந்த பிறகும் போவேன் போலிருக்கிறது.