கண்டல் கரையில் மூன்று ஓலை முடிச்சுகள்

அன்புள்ள வினெட்டா அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கேரோ இப்போதுதான் தூங்கினான். ஆண்டவர் உன்னையும் அத்தானையும் நோயின்றி, ஹோனியாரா நகரத்து வீட்டுக் கூரையை ஒழுகலின்றிக் காப்பாராக. இங்கே எல்லோரும் சுகம். நான்தான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால், சிக்னலுக்காகக் குன்றின் மேல் நிற்கும் பாதி ஊருக்கும் கேட்டுவிடும். நீ மீன்வளத் துறையில் இருப்பவள், உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

கேரோ நடக்கத் தொடங்கினான் அல்லவா, நடக்கிறவன் நேரே வீட்டுக்கு எதிரே உப்புத்தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கும் கண்டல் காட்டுக்குத்தான் நடக்கிறான். அங்கே இருப்பது சேறும் நண்டும். என் மனதில் இருப்பது ஏழு முதலை. காற்றில் சலசலக்கும் தென்னோலை என்றால் அவனுக்குப் பயமாயிற்றே என்று கரையில் மூன்று குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் ஓலையை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டேன். பிள்ளையை மிரட்டுகிற அவசரத்தில், குச்சியும் ஓலை முடிச்சும் சேர்ந்தால் இந்தக் காயலில் என்ன பொருள் என்பதே மறந்துபோயிற்று. சிரிக்காதே.

மறுநாள் காலையிலிருந்து அந்தக் கண்டல் விலக்கு; ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. தலைவர் குடும்பத்தில் பிறந்தவர்கள்தான் விலக்கு வைக்கலாம். யார் வைத்தது என்று கேட்பது மரியாதையில்லை. ஆகவே ஒருவரும் கேட்கவில்லை. சேற்று மட்டி பொறுக்க வந்த பெண்கள் கூடையோடு திரும்பிப் போனார்கள். என் வீட்டுக்காரர் லோனியின் படகு உள்ளே வேரில் கட்டிக் கிடந்தது. "என் படகுக்குமாடி விலக்கு?" என்று என் முகத்தைப் பார்த்தார். "யாரு வச்சாங்களோ, நமக்கு எதுக்கு வம்பு," என்றேன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு. ஐந்து மாதமாக மனுஷன் அண்ணன் படகை இரவல் வாங்கித்தான் கடலுக்குப் போகிறார். ஊரில் அந்த விலக்கை மதிக்காத ஒரே ஆள் கேரோதான்.

போன வாரம் தன் படகை ஏக்கத்தோடு எட்டிப் பார்க்கப் போன லோனி கத்தினார்: "எடிலின், ஓடி வா! டோபாக் குஞ்சுடி!" விரல் நீளம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, வேர்களுக்கு நடுவே நூறாவது இருக்கும். பவளப்பாறையில் பன்றி அளவுக்கு வளர்கிற அதே கிளிமீன்; இரவில் அசந்து தூங்கும்போது டார்ச் அடித்துக் குத்திக் குத்தி இந்த ஊர் ஆண்கள் தீர்த்துவிட்ட மீன். என் கல்யாணத்துக்கு ஒன்றுகூட அகப்படாமல் டப்பா மீன் வைத்தார்களே! நான் என் பிள்ளையை அனுப்பப் பயந்த இடத்தில் அத்தனை பிள்ளைகள் பயமில்லாமல் வளர்வதைப் பார்த்து எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது சிக்கல் என்னவென்றால், படகுத்துறைக்காக அந்தக் கண்டலை வெட்டுவதென்று போன வருஷமே முடிவாகியிருந்தது. விலக்குதான் கோடரியை நிறுத்தி வைத்திருக்கிறது. வருகிற மாத முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், "விலக்கு வச்சவங்க எழுந்து நில்லுங்க," என்று தலைவர் ஹோபா கேட்கப்போகிறாராம். நானோ மலைட்டாத் தீவிலிருந்து வந்த மருமகள். நான் எழுந்தால் அது விலக்கே இல்லை, திங்கட்கிழமை மரம் விழும். எழாவிட்டால் தேவாலயத்துக்குள் உட்கார்ந்துகொண்டே பொய் சொன்னவளாவேன். நான் என்ன செய்யட்டும் அக்கா?

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்களை நிறைவாக வைக்கட்டும்.

உன் தங்கை,
எடிலின்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கேரோவே விழித்துக்கொண்டான். "அட பைத்தியமே, உன் குச்சிய அன்னிக்கு சாயங்காலமே உன் மவன் புடுங்கி இழுத்துக்கிட்டுப் போயிட்டான். இப்ப நிக்கிறது நான் நட்டது. ஹோபாவுக்கு நான் அக்கா, நான் வச்சா செல்லும். ஊரறியச் சொல்லிடலாம்னு ஞாயித்துக்கிழமை கேக்கச் சொன்னதே நான்தான்."

"மீனுக்காகவா அத்தை வச்சீங்க?"

"மீனாவது! முழங்கால் வலிடி, சேத்துல இறங்க முடியல. விலக்குன்னா எவளும் என்னைச் சோம்பேறின்னு சொல்ல முடியாதுல்ல?"

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீனுக்காக என்றே சொல்வாராம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. ஒன்றை மட்டும் விசாரித்து எழுது: டோபாக் குஞ்சுகள் வேரை விட்டுப் பாறைக்குப் போக எத்தனை வருஷம் ஆகும்? அதுவரைக்கும் விலக்கு நிற்குமாம்; அத்தை ஆறு வருஷமாவது எதிர்பார்க்கிறார். சீக்கிரம் பதில் போடு.